கிட்டங்கி முதல் வங்கி வரை: நம் நாட்டில் வாடகை வீடு வாங்கிய வரலாறு

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. மலேசியத் தமிழரிடையே இப்பழமொழிக்குத் தனிப்பொருள் ஒன்று உண்டு. இந்நாட்டில் நம்மவருள் மிகப் பலரின் பாட்டனும் பூட்டனும் வாழ்ந்தது தோட்டத்து லயங்களில் ஆகும். அவ்வீடு தோட்ட நிருவாகத்திற்குச் சொந்தம். வேலை இருக்கும்வரை கூரை இருந்தது. வேலை போனால் கூரையும் போயிற்று. ஆகவே, தன் பெயரில் ஒரு வீடு என்பது நம் சமுதாயத்தின் நெடுநாள் ஏக்கமாக விளங்கியதில் வியப்பில்லை.

அந்த ஏக்கம் ஓரளவு தீர்ந்த குடும்பங்களில் இப்பொழுது வேறோர் எண்ணம் வளர்ந்திருக்கின்றது. குடியிருக்க ஒரு வீடு, வாடகைக்கு விட ஒரு வீடு என்பதே அது. ஓய்வூதியம் இல்லாதவர்க்கு முதுமைக்கால வருமானம், பிள்ளைகளின் மேற்படிப்புக்கு ஒரு கைப்பிடி, மகளின் திருமணத்திற்கு ஒரு பாதுகாப்பு எனப் பல நோக்கங்கள் இந்த இரண்டாவது வீட்டின்மீது ஏற்றப்படுகின்றன. ஆனால், அந்த வீடு பெரும்பாலும் கையிலிருக்கும் பணத்தால் வாங்கப்படுவதில்லை, கடனால் வாங்கப்படுகின்றது.

கடன் வாங்கி வாடகை வீடு வாங்குவது இக்காலப் பழக்கம் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில், இந்நாட்டில் இதற்கு 150 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அதன் தொடக்க அதிகாரங்கள் தமிழர் கையால், தமிழ்க் கணக்கேடுகளில், கோயிலை ஒட்டிய தெருக்களில் எழுதப்பட்டவை. அவ்வரலாற்றை முறையாக நோக்கினால் ஒன்று விளங்கும். வீட்டின் விலை ஏறியதா இறங்கியதா என்பதைவிட, அந்த வீட்டிற்காக வாங்கப்பட்ட கடன் எத்தகையது என்பதே அது குடும்பத்தின் கையில் நின்றதா, நழுவியதா என்பதைத் தீர்மானித்திருக்கின்றது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிட்டங்கிகளின் காலம்

நாட்டுக்கோட்டை நகரத்தார் 1820களில் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களுக்கு வரத் தொடங்கினர். பினாங்கில் பினாங்கு வீதியும், சிங்கப்பூரில் செட்டித் தெரு என்று நம்மவர் வழங்கிய மார்க்கெட் வீதியும், பின்னாளில் கோலாலம்பூரில் அம்பாங் வீதியும் அவர்தம் தொழிற்களங்களாயின. 1857ஆம் ஆண்டில் பினாங்குத் தண்ணீர்மலையிலும், 1859ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தேங் சாலையிலும் அவர்கள் முருகனுக்குக் கோயில் எழுப்பினர். பினாங்கில் தைப்பூசத்திற்கு முதல்நாள் வெள்ளி இரதம் இன்றும் பினாங்கு வீதியிலிருந்தே புறப்படுகின்றது. கோயிலும் கொடுக்கல் வாங்கலும் ஒரே தெருவில் வளர்ந்தமைக்கு அது சான்றாகும்.

கிட்டங்கி என்பது நீண்டதொரு கூடம். அதில் பல நிறுவனங்கள் வரிசையாக அமர்ந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி, ஒரு சிறு மேசை, ஒரு பாய். பகலில் அதுவே அலுவலகம். இரவில் அதுவே படுக்கை. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். அவர் அனுப்பிய மேலாள் மூன்றாண்டுக் கணக்கில் இங்குத் தொழில் நடத்துவார். அவருக்கு உதவியாக அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் இருப்பர். மூன்றாண்டு முடிந்ததும் கணக்கை முடித்து, வரவேண்டிய கடன்களை ஒவ்வொன்றாகக் காட்டி, அடுத்து வருபவரிடம் ஒப்படைத்துவிட்டு மேலாள் ஊர் திரும்புவார். வரவில் ஒரு பகுதி மகமையாகக் கோயிலுக்குச் சேரும்.

ஐரோப்பிய வங்கிகள் பெரிய நிறுவனங்களையும் ஏற்றுமதி வணிகரையும் மட்டுமே மதித்த காலம் அது. கடைக்காரர், சிறு ரப்பர் தோட்டம் போட்டவர், ஈயச் சுரங்கம் எடுத்தவர், நகரில் கடைவீடு கட்ட விரும்பியவர் எனச் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்ற வேறுபாடின்றி எல்லாரும் கிட்டங்கிப் படியேறினர். செட்டியார் தம் சொந்த முதலையும், உறவினர் வைப்புத் தொகையையும், வங்கிகளிடமிருந்து தாம் பெற்ற கடனையும் சேர்த்துப் பிறருக்குக் கொடுத்தார். வாங்கும் வட்டிக்கும் கொடுக்கும் வட்டிக்கும் உள்ள இடைவெளியே அவர்தம் ஊதியம்.

இங்கு நாம் மனத்திற் கொள்ள வேண்டியது ஒன்று. அக்கடன்களுள் பல, கேட்டபொழுது திருப்பிக் கொடுக்க வேண்டிய புரோநோட்டுக் கடன்கள். ஒரு கடைவீடு 50 ஆண்டுகளுக்கு மேலும் நிற்கும். அதன் வாடகை மாதந்தோறும் சிறுகச் சிறுகத்தான் வரும். ஆனால், அதனை ஈடாக வைத்து வாங்கிய கடனையோ ஒரே நாளில் கேட்கலாம். நல்ல காலத்தில் யாரும் கேட்கவில்லை. ஆகவே யாரும் அஞ்சவுமில்லை.

கிராண்டும் அடைமானமும்

கடன் கொடுப்போரின் துணிவுக்குச் சட்டமும் காரணமாய் இருந்தது. ஆஸ்திரேலியாவில் தோன்றிய டோரன்ஸ் முறை 1891ஆம் ஆண்டில் சிலாங்கூரில் சட்டமானது. 1911ஆம் ஆண்டில் கூட்டு மலாய் மாநிலங்கள் முழுமைக்கும் நில உரிமைப் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது. இம்முறையில், அரசாங்கப் பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர். பழைய ஆவணங்களைத் தலைமுறை தலைமுறையாகத் துருவிப் பார்க்க வேண்டியதில்லை. நம்மவர் கிராண்டு என்று வழங்கும் உரிமைப் பத்திரம் ஒன்றே போதும். பினாங்கும் மலாக்காவும் மட்டும் நெடுங்காலம் ஆங்கிலேயப் பத்திர முறையையே பின்பற்றி வந்தன.

கிராண்டு உறுதியானதால் அதன்மேல் கடன் கொடுப்பது எளிதாயிற்று. அடைமானத்தைப் பதிவேட்டில் பதியலாம். அல்லது கிராண்டை மட்டும் கடன் கொடுத்தவரிடம் ஒப்படைத்துக் கடன் பெறலாம். இரண்டாவது முறை கிட்டங்கியில் மிகவும் வழங்கியது. 1966ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த தேசிய நிலச் சட்டத்திலும் இவ்விரு முறைகளுக்கும் இடம் அளிக்கப்பட்டுள்ளது. இன்று வங்கி நம் வீட்டின்மீது பதியும் அடைமானம், அன்று கிட்டங்கியில் பதிந்த அடைமானத்தின் வழிவந்ததே ஆகும். தவணை தவறினால் ஏலம், அதாவது நம்மவர் அஞ்சும் லேலோங், அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

மூன்று அடிகள்

1929ஆம் ஆண்டு தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் முதல் அடியாகும். ரப்பர் விலையும் ஈய விலையும் சரிந்தன. வேலையிழந்த தொழிலாளர் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டனர். கடன்பட்டவர் கையில் பணம் இல்லை. கடன் கொடுத்தவர் கையில் கிராண்டுகள் மட்டுமே இருந்தன. பணமாகத் திரும்ப வேண்டிய முதல், தோட்டமாகவும் கடைவீடாகவும் திரும்பிற்று. நகரத்தார் பலர் வீட்டுக்காரர் ஆனது விரும்பி வாங்கியதால் அல்ல, கடன் திரும்பாததால்தான். மலாய்க்காரரின் நிலம் கைமாறுவதைத் தடுக்க 1913ஆம் ஆண்டிலேயே மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் வந்திருந்தது. மந்த காலத்தில், 1931ஆம் ஆண்டில் சிறு நிலங்களின் விற்பனைக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. 1933ஆம் ஆண்டில் ஒதுக்கீட்டு நிலச் சட்டமும் இறுக்கப்பட்டது. கடன்பட்ட உழவனின் நிலையிலிருந்து நோக்கின் அச்சட்டங்களின் நியாயம் விளங்கும். ஈடு செல்லாமற்போன மேலாளின் நிலையிலிருந்து நோக்கின் அவருடைய கலக்கமும் விளங்கும்.

இரண்டாவது அடி, 1942 முதல் 1945 வரையிலான சப்பானியர் ஆட்சி. வாழைமரம் அச்சிட்ட அவர்களுடைய தாள் நாளுக்கு நாள் மதிப்பிழந்தது. போருக்கு முன் நல்ல வெள்ளியில் வாங்கிய கடனைப் பலர் அத்தாளைக் கொண்டு அடைத்தனர். மறுக்கும் துணிவு கடன் கொடுத்தவர்க்கு இல்லை. போர் முடிந்தவுடன் அத்தாள் வெறும் காகிதமாயிற்று. அவ்வாறு செலுத்தப்பட்ட தொகை எந்த அளவுக்குச் செல்லும் என்பதை வகுக்க 1948ஆம் ஆண்டில் தனிச்சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. அக்காலத்தில் பணம் கரைந்தது, வீடு கரையவில்லை. போருக்குப் பின் நம் பெரியோர் பலர் வீட்டையும் நகையையுமே நம்பியதற்கு இப்பட்டறிவு ஒரு காரணம் எனலாம்.

ஆனால் அந்த வீட்டிற்கும் மூன்றாவது அடி காத்திருந்தது. போரினால் வீடுகள் பற்றாக்குறையாகி, வாடகை தாறுமாறாக ஏறியதால், அரசாங்கம் வாடகைக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. மலேசியாவில் 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாளுக்கு முன்னர் கட்டப்பட்ட கட்டடங்களை உள்ளடக்கியது. வீட்டுக்காரர் தம் விருப்பம்போல் வாடகையை ஏற்ற முடியாது. குடியிருப்பவரை எளிதில் வெளியேற்றவும் முடியாது. இதனால் ஏழைக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக நகர நடுவில் வாழ முடிந்தது. மறுபுறம், வரும் வாடகை கூரை ஓட்டை மாற்றவும் போதாமையால், பல வீடுகள் பழுது பார்க்கப்படாமல் சிதைந்தன.

1997ஆம் ஆண்டில் அச்சட்டம் நீக்கப்பட்டது. இடைக்கால ஏற்பாடுகள் 1999ஆம் ஆண்டு இறுதியுடன் முடிவுற்றன. 2000ஆம் ஆண்டு பிறந்ததும் பினாங்கு சார்ச்டவுனில் வாடகை பன்மடங்காயிற்று. தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்தோர் பலர் மூட்டை கட்டினர். 2008ஆம் ஆண்டு சூலையில் சார்ச்டவுனும் மலாக்காவும் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டபின் அவ்வீடுகளின் விலை மேலும் உயர்ந்தது. நெடுங்காலம் பயனற்றது எனக் கருதப்பட்ட சொத்து பெரும்பொருளாயிற்று. எனினும், அந்நாள் வரை அதனைக் காத்திருந்தவர் யார்? அதன்மேல் கடன் இல்லாதவரே. கட்டுப்பட்ட வாடகையைக் கொண்டு கட்டுப்படாத வட்டியைச் செலுத்தியிருக்க எவராலும் இயலாது.

கூட்டும் கூட்டுறவும்

இதுவரை கண்டது முதல் உடையோரின் கதை. தோட்டத்தில் தினக்கூலிக்கு உழைத்தவருக்குக் கிட்டங்கியும் எட்டாது, வங்கியும் எட்டாது. அவர்கள் கண்ட வழி கூட்டு. பத்து இருபது பேர் சேர்ந்து மாதந்தோறும் ஒரு தொகை போட்டு, அவசரம் உள்ளவர் தள்ளி எடுப்பது அதன் முறை. காது குத்து, கல்யாணம், மனைக்கு முன்பணம் என எல்லாவற்றிற்கும் கூட்டே கைகொடுத்தது. கூட்டுத் தலைவர் நேர்மையானவராயின் நன்மை. இல்லையேல் உழைத்த காசு போயிற்று. 1971ஆம் ஆண்டில் அரசாங்கம் கூட்டு நிதித் தடைச் சட்டத்தை இயற்றியது. அச்சட்டத்தின் பெயரிலேயே நம் 'கூட்டு' என்னும் தமிழ்ச்சொல் இடம்பெற்றுள்ளது நாம் அறிய வேண்டிய செய்தியாகும்.

கூட்டு தனிமனிதரை நம்பியது. கூட்டுறவு விதிமுறையை நம்பியது. 1950களில் ஐரோப்பியர் தம் தோட்டங்களை விற்றுச் செல்லத் தொடங்கியபொழுது அவை துண்டு துண்டாகக் கைமாறின. தொழிலாளர் வேலையையும் லயத்து வீட்டையும் ஒருங்கே இழந்தனர். அந்த வேளையில், 1960ஆம் ஆண்டில், துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். மாதம் 10 வெள்ளி வீதம் தொழிலாளரிடம் பங்குத் தொகை திரட்டித் தோட்டங்களை வாங்குவது திட்டம். 1961ஆம் ஆண்டில் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அது வாடகை வீட்டு முதலீடு அன்று. எனினும், ஒருவரால் இயலாத முதலைப் பலர் கூடித் திரட்ட முடியும் என்பதையும், பொறுமையான பணமே நிலத்தைக் காக்கும் என்பதையும் நம்மவர்க்கு உணர்த்தியது அதுவே. பங்குதாரர் எவரும் மறுநாளே பணத்தைக் கேட்டு வாசலில் நிற்கவில்லை என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நீண்டகாலக் கடன் பிறந்தது

வீடு நெடுங்காலம் நிற்பது. ஆகவே அதற்குரிய கடனும் நெடுங்காலத் தவணைக் கடனாக இருத்தல் வேண்டும் என்னும் கருத்து 1950ஆம் ஆண்டில் இங்கு நிறுவன வடிவம் பெற்றது. அவ்வாண்டு தொடங்கப்பட்ட கட்டடக் கடன் சங்கம் 1956ஆம் ஆண்டில் மலாயா போர்னியோ கட்டடச் சங்கம் எனப் பெயர் மாற்றம் கண்டது. மாதச் சம்பளம் பெறுவோர் பல ஆண்டுத் தவணையில் வீடு வாங்க அது வழிவகுத்தது. அரசாங்க ஊழியருக்கு நிதியமைச்சின் வீட்டுக் கடன் பிரிவு 4 விழுக்காடு மாறா வட்டியில் கடன் வழங்கியது. 2016ஆம் ஆண்டு சனவரி முதல் அப்பணியைப் பொதுத்துறை வீட்டு நிதி வாரியம் ஏற்று நடத்தி வருகின்றது. சந்தை வட்டி எவ்வளவு ஏறினும் இறங்கினும் அரசு ஊழியரின் தவணை அசையாது. ஆசிரியர், எழுத்தர், தாதியர் எனத் தமிழ்க் குடும்பங்கள் பல தங்கள் முதல் வீட்டைப் பெற்றது இக்கடனால்தான்.

தனியார் வங்கிகள் வீட்டுக் கடனில் பெருமளவில் இறங்கியது 1970களின் நடுப்பகுதியில். வங்கிகள் தம் கடனில் ஒரு பகுதியை வீடு வாங்குவோருக்கு ஒதுக்க வேண்டும் என மத்திய வங்கி நெறிமுறை வகுத்தது. 1986ஆம் ஆண்டில் ககாமாஸ் நிறுவனம் அமைக்கப்பட்டது. அது வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கிக்கொண்டு, அதற்குரிய பணத்தைக் கடன் பத்திரங்கள் வாயிலாகத் திரட்டிற்று. வங்கியில் பொதுமக்கள் போட்ட குறுகியகாலப் பணத்தைக் கொண்டு நீண்டகாலக் கடன் கொடுக்கும் இடர்ப்பாடு இதனால் குறைந்தது. கிட்டங்கியை ஆட்டிவைத்த குறையும் இதுவே அன்றோ!

முன்பணத்திற்கு ஊழியர் சேமநிதி துணை நின்றது. 1980கள் முதல் உறுப்பினர் தம் சேமிப்பில் ஒரு பகுதியை வீட்டிற்காக எடுக்க இயன்றது. ஆனால், முதல் வீட்டை வைத்துக்கொண்டே இரண்டாவது வீட்டிற்கு அப்பணத்தை எடுக்க விதி இடம் தரவில்லை. முதுமைக்குரிய சேமிப்பு குடியிருக்கும் கூரைக்கே உரியது. வாடகை முதலீட்டிற்கு உரியதன்று என்பதே அவ்விதியின் உட்பொருள்.

கடன் வழி திறந்ததும் வீடமைப்பு நிறுவனங்கள் பெருகின. 1966ஆம் ஆண்டு வீடமைப்பு நிறுவனச் சட்டம் அவற்றை நெறிப்படுத்த வந்தது. இந்நாட்டில் பெரும்பாலும் வீடு கட்டும் முன்னரே விற்கப்படுகின்றது. கட்டுமானம் வளர வளர வங்கி பணத்தைப் பகுதி பகுதியாக விடுவிக்கும். விடுவித்த தொகைக்கு வாங்கியவர் அன்றே வட்டி கட்டத் தொடங்க வேண்டும். வீடு முடியாமல் நின்றுபோனால் வாடகையும் வராது, வட்டியும் நிற்காது. கைவிடப்பட்ட திட்டங்களில் சிக்கிய குடும்பங்கள் தாம் இருக்கும் வீட்டிற்கு வாடகையும், இல்லாத வீட்டிற்குத் தவணையும் செலுத்தின. 1993ஆம் ஆண்டு திசம்பர் 11ஆம் நாள் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிகளுள் ஒன்று சரிந்து 48 பேர் மாண்ட கொடுமையை எவரும் மறக்க இயலாது. எஞ்சிய இரு கட்டடங்களும் குடியிருக்கத் தகாதவை ஆயின. வீடு இடிந்தாலும் அதன்மீது வாங்கிய கடன் இடிவதில்லை என்னும் கசப்பான உண்மையை அந்நிகழ்ச்சி நாடறியச் செய்தது.

வட்டி ஏறிய ஆண்டு

1997ஆம் ஆண்டு சூலையில் தாய்லாந்தில் தொடங்கிய நிதி நெருக்கடி சில வாரங்களில் மலேசியாவைத் தொட்டது. ரிங்கிட்டின் மதிப்பு சரிந்தது. 1998ஆம் ஆண்டு நடுப்பகுதியில் வங்கிகளின் அடிப்படைக் கடன் வட்டி 12 விழுக்காட்டைத் தாண்டியது. இது வாடகை வீட்டுக்காரரை எவ்வாறு தாக்கும் என்பதை ஓர் எளிய கணக்கால் காணலாம்.

ஒருவர் 100,000 வெள்ளியை 20 ஆண்டுத் தவணையில், 9 விழுக்காட்டு வட்டிக்குப் பெறுகிறார் எனக் கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 900 வெள்ளி. வீட்டிற்கும் 900 வெள்ளி வாடகை வருகின்றது. வீடு தன் கடனைத் தானே அடைத்துக்கொள்கின்றது என்று அவர் மகிழ்கிறார். வட்டி 12 விழுக்காடு ஆனவுடன், ஒரு மாதத்தின் வட்டி மட்டுமே 1,000 வெள்ளி. அவர் 900 வெள்ளியே செலுத்தி வந்தால், கடன் குறைவதற்கு மாறாக மாதம் 100 வெள்ளி வீதம் வளரும். 20 ஆண்டில் தீர வேண்டுமானால் தவணை ஏறத்தாழ 1,101 வெள்ளியாக உயர வேண்டும். அதே வேளையில் குடியிருப்பவருக்கு வேலை போயிருந்தால் 900 வெள்ளியும் வராது. வட்டி ஏறுவதும், வாடகை நிற்பதும், விற்க முனைந்தால் வாங்குவார் இன்மையும் ஒன்றாகவே வரும் என்பதுதான் 1929ஆம் ஆண்டும் 1998ஆம் ஆண்டும் நமக்குச் சொல்லும் செய்தி.

அண்மைக் காலம்

அந்நெருக்கடி தணிந்தபின் வட்டி மெல்ல இறங்கிற்று. எளிய கடனும், ஏறும் விலையும், விற்று இலாபம் காணும் ஆசையும் மீண்டும் தலையெடுத்தன. 2010ஆம் ஆண்டு நவம்பரில், ஒருவர் வாங்கும் மூன்றாவது வீட்டிற்கும் அதற்கு மேற்பட்டவற்றிற்கும் விலையில் 70 விழுக்காடு வரையே கடன் தரலாம் என மத்திய வங்கி வரம்பு விதித்தது. 2013ஆம் ஆண்டில் வீட்டுக் கடனின் உச்சகாலம் 35 ஆண்டு என அறுதியிடப்பட்டது. கட்டுமானக் காலத்து வட்டியை வீடமைப்பு நிறுவனமே ஏற்பதாகக் கூறி வீடு விற்ற முறைக்கு 2014ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் தடை விதித்தது. அந்த வட்டி யாராலும் இலவசமாக ஏற்கப்படவில்லை. வீட்டின் விலைக்குள்ளேயே அது அடங்கியிருந்தது. நிலச் சொத்து இலாப வரியும் அதே ஆண்டில் கடுமையாக்கப்பட்டது. வாங்கிய மூன்றாண்டுக்குள் விற்றால் இலாபத்தில் 30 விழுக்காடு வரி. 2022ஆம் ஆண்டு முதல், ஐந்தாண்டு கடந்து ஆறாம் ஆண்டிலோ அதன் பின்னரோ விற்கும் குடிமக்களுக்கு அவ்வரி இல்லை. வீட்டை நெடுநாள் வைத்திருப்பவரைச் சட்டம் விரும்புகின்றது என்பது இதனால் புலனாகும்.

2020ஆம் ஆண்டு பெருந்தொற்றுக் காலத்தில், ஏப்ரல் முதல் ஆறு மாதங்களுக்குத் தவணைகள் ஒத்திவைக்கப்பட்டன. பலருக்கு அது மூச்சுவிட உதவியது. எனினும், ஒத்திவைத்த காலத்திற்கும் வட்டி ஓடியது என்பதைப் பின்னரே பலர் அறிந்தனர். அவ்வாண்டு சூலையில் 1.75 விழுக்காடாக இருந்த மத்திய வங்கியின் அடிப்படை வட்டி, 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் 3 விழுக்காடாயிற்று. 2025ஆம் ஆண்டு சூலையில் 2.75 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 1.25 விழுக்காடு ஏற்றம் சிறிதாகத் தோன்றும். 300,000 வெள்ளிக் கடனை 35 ஆண்டுத் தவணையில் கணக்கிட்டால், வட்டி 3 விழுக்காடாயின் மாதத் தவணை ஏறத்தாழ 1,155 வெள்ளி, 4.25 விழுக்காடாயின் ஏறத்தாழ 1,374 வெள்ளி. மாதம் 219 வெள்ளி வேறுபாடு ஒரு பிள்ளையின் வகுப்புக் கட்டணத்திற்கு ஈடாகும்.

வரலாறு தரும் கணக்கு

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்றனர் நம் பெரியோர். கடன் வாங்கி வாடகை வீடு வாங்க எண்ணுவோருக்கு இவ்வரலாறு சில கேள்விகளை முன்வைக்கின்றது.

முதலாவது, வாடகையில் உண்மையாகக் கையில் நிற்பது எவ்வளவு? நிலவரி, வீட்டு வரி, காப்புறுதி, அடுக்குமாடியாயின் மாதாந்திரப் பராமரிப்புக் கட்டணம், பழுது பார்க்கும் செலவு, வாடகை வருமானத்திற்குரிய வருமான வரி ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். ஆண்டுக்கு ஓரிரு மாதம் வீடு காலியாக இருக்கும் என்றும் கொள்ள வேண்டும். பன்னிரண்டு மாத வாடகையையும் முழுமையாக எண்ணிக் கடன் வாங்குவது அகலக் கால் வைப்பதாகும்.

இரண்டாவது, வட்டி மாறும் தன்மையதா, மாறாததா? மாறுவதாயின், இன்றைய வட்டியைவிட 2 அல்லது 3 விழுக்காடு கூட்டிக் கணக்கிட்டு, அப்பொழுதும் தவணையைச் சம்பளத்தால் தாங்க இயலுமா எனக் காண வேண்டும். 1998ஆம் ஆண்டு ஒருமுறை வந்தது; மீண்டும் வராது என்று உறுதி கூற எவரும் இலர்.

மூன்றாவது, கடன் முடியும்பொழுது நமக்கு வயது என்ன? 35 ஆண்டுத் தவணை மாதச் சுமையைக் குறைக்கும். மொத்த வட்டியைக் கூட்டும். 300,000 வெள்ளியை 4 விழுக்காட்டு வட்டியில் 20 ஆண்டில் அடைத்தால் மொத்தம் ஏறத்தாழ 436,000 வெள்ளி. 35 ஆண்டில் அடைத்தால் ஏறத்தாழ 558,000 வெள்ளி. நாற்பத்தைந்து வயதில் வாங்கிய கடன் ஓய்வு பெற்றபின்னும் தொடருமாயின், முதுமைக்கு வருமானம் தர வாங்கிய வீடே முதுமையின் சுமையாகும்.

நான்காவது, குடியிருக்கும் வீட்டை ஈடு வைத்து வாடகை வீட்டை வாங்குகிறோமா? மந்த காலத்தில் ஒரு கடனுக்காக இரு கிராண்டுகளைக் கொடுத்தவர் இரண்டையும் இழக்க நேர்ந்தது. லயத்தை விட்டு வெளியேறி இரண்டு தலைமுறை பாடுபட்டுப் பெற்ற முதல் வீடு எந்த முதலீட்டிற்கும் பிணையாதல் தகாது என்பது என் துணிவு.

குடியிருக்க வருபவரைப் பற்றியும் ஒரு சொல். வாடகைக்கு வீடு தேடி அலைந்த துன்பம் நம் சமுதாயத்திற்குப் புதியதன்று. தொலைபேசியில் பெயரைக் கேட்டவுடன் வீடு இல்லை என்று சொல்லப்பட்டவர் நம்மில் பலர். வீட்டுக்காரராக உயர்ந்த தமிழர் அதே அளவுகோலைப் பிறர்மேல் வைத்தல் கூடாது. எழுத்து வடிவில் ஒப்பந்தம், உரிய வைப்புத்தொகை, காலத்தில் பழுது பார்த்தல், காலத்தில் வாடகை என இரு தரப்பும் முறையோடு நடந்துகொண்டால், நல்ல குடியிருப்பாளர் நெடுநாள் நிலைப்பார். காலி வீட்டைவிட நிலைத்த குடியிருப்பாளரே வீட்டுக் கடனுக்கு உற்ற துணை.

சிங்கப்பூர்ச் செட்டித் தெருக் கிட்டங்கிகள் 1970களில் நகர மறுசீரமைப்பில் மறைந்தன. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் எஞ்சியவை சில. ஆயினும் அவர்கள் விட்டுச் சென்ற ஒரு பழக்கத்தை எந்தக் குடும்பமும் செலவின்றிக் கைக்கொள்ளலாம். மேலாள் மூன்றாண்டுக்கு ஒருமுறை கணக்கை முடித்து, எந்தக் கடன் தேறும், எது தேறாது என ஒவ்வொன்றாக எழுதிக் காட்டிய பின்னரே ஊருக்குக் கப்பலேறினார். வீட்டுக் கடன் உடையோரும் மூன்றாண்டுக்கு ஒருமுறை வங்கியிலிருந்து கணக்கு அறிக்கையைப் பெற்று, கணவனும் மனைவியுமாக அமர்ந்து, அசல் எவ்வளவு குறைந்துள்ளது, வட்டி எவ்வளவு ஏறியுள்ளது, வாடகை எத்தனை மாதம் வந்தது என ஒரு தாளில் எழுதிப் பார்த்தல் வேண்டும். வேறிடத்தில் குறைந்த வட்டி கிடைப்பின் மாற்றிக்கொள்ளலாம். சேமிப்பு மிகுந்திருப்பின் அசலைக் குறைக்கலாம். தாங்காது எனத் தோன்றின், ஏலத்திற்கு வரும்வரை காத்திராமல் நல்ல விலை இருக்கும்பொழுதே விற்றுவிடலாம். அந்தக் கணக்கை வளர்ந்த பிள்ளைகளின் முன்னிலையில் போடுவது இன்னும் நன்று. நாளை அந்த வீட்டையும், அதன்மேல் கடன் இருப்பின் அதனையும், ஏற்கப்போகின்றவர்கள் அவர்களே.